லண்டனைச் சிவப்பு பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனுக்கு முதல்முறை போனபோது, சுற்றுலாக்காரர்களுக்கென்று ஓடும் திறந்த மாடி பஸ்ஸுக்குக் காசு கொட்ட வேண்டாம், ஊர்க்காரர்கள் போகிற சிவப்பு பஸ்ஸிலேயே சுற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான். ஆனால் முதல் நாள் காலை பஸ்ஸில் ஏறிய வேகத்திலேயே இறங்கினேன். கார்டு வேலை செய்யவில்லை. மத்தியானம் சரியான எண் போட்ட பஸ்ஸில் ஏறி, போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போனேன். சாயங்காலம் எனக்கு வேண்டிய பஸ் கண்ணெதிரே நிற்காமல் கடந்து போனது, நான் கை காட்டாமல் நின்றதால். யாராவது முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மூன்றுமே நடந்திருக்காது. அந்த இரண்டு வார்த்தைதான் இங்கே கொஞ்சம் நீளமாக.

கட்டணம் என்று நான் சொல்வதெல்லாம் 2025ஆம் ஆண்டு நிலவரம். கிளம்பும் முன் லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் (எல்லாரும் டி.எஃப்.எல். என்பார்கள்) தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஊரிலிருந்தே கார்டைத் தயார் செய்யுங்கள்

லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். 2014 ஜூலையிலிருந்தே அப்படித்தான். கண்டக்டர் கிடையாது. டிரைவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பார்; பத்து பவுண்டு நோட்டை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். டிக்கெட், பாஸ்போர்ட் நகல், படிவம் எதுவும் தேவையில்லை. பஸ் பயணத்துக்கு வேண்டிய ஒரே ஆவணம், தட்டினால் பணம் போகிற கார்டுதான்.

கார்டின் முகப்பில் நாலு வளைகோடு போட்ட சின்னம் இருக்கிறதா பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றும் செல்லும். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். யு.பி.ஐ.க்கும் இங்கே வேலையில்லை. உங்கள் போனில் ஆப்பிள் பே, கூகுள் பே வழியாகத் தட்டிக் கட்டும் வசதி இருந்தால் அதுவும் செல்லும்.

இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. நானும் விழுந்தேன். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் பயன்படுத்துவதையும் தட்டிக் கட்டுவதையும் கார்டு வைத்திருப்பவர்தான் இயக்கிவைக்க வேண்டும். என் வங்கிச் செயலியில் இவை இரண்டும் தனித்தனி பொத்தான்கள். நான் வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் இயக்கிவிட்டு நிம்மதியாக விமானம் ஏறிவிட்டேன். தட்டிக் கட்டும் பொத்தான் அணைந்தே இருந்தது. இரண்டையும் இயக்குங்கள், பக்கத்திலேயே தினசரி வரம்பு என்று ஒன்று இருக்கும், அது பூஜ்யமாக இல்லையா என்றும் பாருங்கள். லண்டனில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், அப்போது ஓ.டி.பி. வர இந்திய சிம் ரோமிங்கில் இருக்க வேண்டும், அது ஒரு தனிக் கதை.

செலவு: இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பது சாதாரணம், அந்தக் கூடுதல் தொகைக்கு ஜி.எஸ்.டி. வேறு. பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இருந்தால் இது மிச்சம். அதிலும் தட்டும் வசதி இயங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம் பிடிக்கப்படாது. ஒரு நாள் பயணம் முழுவதையும் கூட்டி ஒரே தொகையாக எடுப்பார்கள். முதலில் தட்டியதும் 10 பென்ஸ் மட்டும் பிடித்ததாக எஸ்.எம்.எஸ். வரலாம், அது கார்டு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. பத்து பென்ஸுக்கு லண்டன் சுற்றுகிறோம் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு வழி ஆய்ஸ்டர் கார்டு. அது டி.எஃப்.எல்.லின் சொந்தக் கார்டு. பணம் ஏற்றித் தட்ட வேண்டும். சுரங்க ரயில் நிலைய இயந்திரங்களிலும், ஆய்ஸ்டர் சின்னம் ஒட்டிய பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். கார்டுக்கே ஒரு கட்டணம் உண்டு: 7 பவுண்டாக இருந்ததை 2025 செப்டம்பரில் 10 ஆக்கினார்கள். அது திரும்பக் கிடைக்காது, உள்ளே மிச்சமிருக்கும் தொகையைத்தான் திரும்பக் கேட்கலாம். பஸ் கட்டணம் இரண்டு கார்டிலும் ஒன்றுதான் என்பதால், வங்கிக் கார்டு ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு ஆய்ஸ்டர் தேவையே இல்லை. முதல் நாள் தவிப்பில் நான் வாங்கினது தண்டம்.

ஆனால் ஒரு மாற்றுக் கார்டு எதுவாவது பையில் இருக்கட்டும். காசு செல்லாத ஊரில் ஒரே கார்டோடு திரிவது புத்திசாலித்தனமில்லை.

2. கட்டணக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒருமுறை பஸ் ஏற 1.75 பவுண்டு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அதேதான், ஊர்க்கோடிக்குப் போனாலும் அதேதான். ஊரை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வாங்கும் சுரங்க ரயில் கணக்கு பஸ்ஸுக்குக் கிடையாது.

அதைவிட நல்ல சேதி, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த ஒரே 1.75தான். இதற்கு ஹாப்பர் கட்டணம் என்று பெயர். நீங்கள் எதையும் கேட்க வேண்டாம், அழுத்த வேண்டாம். ஒவ்வொரு பஸ்ஸிலும் தட்டினால் போதும், கணக்கு தானாகச் சரியாகும்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் அல்ல, முதலில் தட்டிய நிமிடத்திலிருந்து. 9.50க்கு முதல் பஸ்ஸில் தட்டினால், 10.50க்குள் தட்டும் கடைசி பஸ் வரைக்கும் இலவசம். அந்தக் கடைசி பஸ் உங்களை 11.40க்கு இறக்கிவிட்டாலும் கவலையில்லை. ஆனால் முதல் பஸ் நெரிசலில் ஐம்பது நிமிடம் ஊர்ந்திருந்தால் மாறுவதற்குப் பத்தே நிமிடம்தான் மிச்சம். மைய லண்டனில் இது நடக்கும், நம்புங்கள்.

அடுத்து, தினசரி உச்சவரம்பு: பஸ்ஸில் மட்டும் சுற்றினால் ஒரு நாளைக்கு 5.25 பவுண்டு. அதாவது மூன்று கட்டணம். நாலாவதிலிருந்து அன்றைக்கு எல்லாமே இலவசம். அவர்கள் கணக்கில் நாள் என்பது விடிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை. நள்ளிரவு தாண்டி ஊர் சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பும் பஸ்ஸும் முந்தைய நாள் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

வார உச்சவரம்பு 24.70 பவுண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே. நீங்கள் வியாழக்கிழமை வந்து இறங்கினால் ஞாயிறு வரை நாலு நாள், 21 பவுண்டு. திங்களன்று கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஒரே திங்கள்–ஞாயிறுக்குள் ஐந்து நாளாவது மூன்று கட்டணமும் முழுசாகக் கட்டினால்தான் வார வரம்பு உதவிக்கு வரும். ஏழு நாள் பாஸ் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இடையில் சுரங்க ரயிலும் ஏறினால் வரம்பு வேறு, கூடுதல். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ரயில் நிலையத்தில் தட்டாமல் வெளியே வந்தால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

3. ஆளுக்கு ஒரு கார்டு. குழந்தைகளுக்கு வேறு கணக்கு

ஒரு கார்டைத் தட்டி "இரண்டு பேர்" என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். தம்பதியாகப் போகிறவர்கள் இரண்டு பேர் கார்டிலும் அந்த இரண்டு பொத்தானையும் இயக்கிவைத்துக்கொண்டு போங்கள்.

காலையில் எதைத் தட்டினீர்களோ அதையே நாள் முழுக்கத் தட்டுங்கள். வங்கி ஒன்றாக இருந்தாலும், பிளாஸ்டிக் கார்டும் அதே கார்டை ஏற்றிய போனும் அவர்கள் கணக்கில் இரண்டு வெவ்வேறு ஆட்கள். காலையில் கார்டு, மத்தியானம் போன் என்று மாற்றினால் ஹாப்பரும் உடையும், உச்சவரம்பும் உடையும். டிக்கெட் பரிசோதகர் வந்தாலும் தட்டியதைத்தான் காட்ட வேண்டும். தட்டாமல் பயணம் செய்து மாட்டினால் அபராதம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

11 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு பஸ்ஸில் இலவசம், கார்டும் தேவையில்லை. 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு ஓர் ஆய்ஸ்டர் வாங்கி, குழந்தையையும் கூட்டிக்கொண்டு சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் போய், சிறுவர்களுக்கான விருந்தினர் தள்ளுபடியைப் பதியச் சொல்லுங்கள். 14 நாளுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் ஆய்ஸ்டருக்கே பத்து பவுண்டு போகிறது என்பதை மறக்காதீர்கள். இரண்டே நாள் தங்குகிறீர்கள் என்றால் மிச்சம் ஒன்றும் இராது.

அறுபது தாண்டியவர்களுக்கு இலவசம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. நம் ஆதார் கார்டைக் காட்டிப் பயனில்லை.

4. போனில் இரண்டு செயலி

டி.எஃப்.எல். கோ அல்லது சிட்டிமேப்பர், ஏதாவது ஒன்று. கூடவே கூகுள் மேப்ஸில் லண்டன் வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பஸ் இப்போது எங்கே, எத்தனை நிமிடத்தில் வரும், எந்த நிறுத்தம் மூடப்பட்டிருக்கிறது எல்லாம் நேரலையில் தெரியும் என்பதால், ஓர் இ-சிம் எடுத்துக்கொள்வது நல்லது. பல நிறுத்தங்களில் வரும் பஸ்களின் நேரம் காட்டும் மின்பலகையும் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை.

5. பஸ் எண்ணைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் பழகிய முறை, ஸ்டாண்டில் போய் நின்று எண்ணைப் பார்த்து ஏறுவது. லண்டனில் ஒரு பெரிய சந்திப்பைச் சுற்றி நாலைந்து நிறுத்தங்கள், சில இடங்களில் பத்துக்கும் மேல் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எல்லா பஸ்ஸும் எல்லா நிறுத்தத்திலும் நிற்காது. அதனால் ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்தின் உச்சியிலும் ஓர் ஆங்கில எழுத்து போட்டிருப்பார்கள்: ஏ, பி, சி என்று ஒற்றையாகவோ, இரட்டை எழுத்தாகவோ. செயலியில் வழி கேட்டால் "15ஆம் எண் பஸ், ஜே நிறுத்தம்" என்கிற மாதிரி வரும். நாம் 15ஐப் பிடித்துக்கொண்டு ஜேயை விட்டுவிடுகிறோம்.

எனக்கு நடந்தது மைய லண்டனில் உள்ள ஆல்ட்விச்சில். லண்டன் கோபுரக் கோட்டைக்கு (டவர் ஆஃப் லண்டன்) போக வேண்டும், 15ஆம் எண். தூரத்தில் 15 வருவதைப் பார்த்ததும் ஓடிப் போய் ஏறி, மாடியில் முன் இருக்கை காலியாக இருந்த சந்தோஷத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் போகவில்லை, எல்லாரும் எழுந்து இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் மாடிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் பேசிய பிறகுதான் புரிந்தது, அது மேற்கே போகிற 15, டிராஃபல்கர் சதுக்கத்துப் பக்கம் வந்து முடிந்துவிட்டது. கோட்டை இருப்பது கிழக்கே. ஹாப்பர் புண்ணியத்தில் திரும்பி வந்த 15க்குக் காசு போகவில்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

அதிலிருந்து நான் மூன்று விஷயம் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறேன். கம்பத்தின் உச்சியில் உள்ள எழுத்து, செயலி சொன்னதா? அதன் கீழே ஓடுகள் போல அடுக்கிய எண்களில் என் பஸ் இருக்கிறதா? பஸ்ஸின் நெற்றியில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர், நான் போகிற பக்கத்துக் கடைசி நிறுத்தமா? மூன்றாவதற்காக, கிளம்பும் முன்பே அந்தத் திசையின் கடைசி நிறுத்தத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 15 என்றால் கிழக்கே பிளாக்வால், மேற்கே டிராஃபல்கர் சதுக்கம். வண்டிகள் நம்மூர் போலவே இடப்பக்கம்தான் போகும். ஆக, திசை குழம்பினால் பெரும்பாலும் எதிர்ச்சாரியில் தேடினால் போதும்.

கம்பத்தின் தலையில் மஞ்சள் உறை மாட்டியிருந்தால் அந்த நிறுத்தம் இப்போது இயங்கவில்லை. அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் பஸ் நிற்காது. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுங்கள்.

6. கை காட்டுங்கள், முன்வாசலில் ஏறுங்கள், தட்டுங்கள்

ஒரே நிறுத்தத்தில் பல எண்கள் வருவதால், நீங்கள் எந்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. பஸ் நெருங்கும்போதே கையை நன்றாக நீட்டுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் போய்விடும். இரண்டு பஸ் ஒட்டி வந்தால் பின்னால் உள்ளது நம்முடையதாக இருக்கும். முன் பஸ் மறைத்துவிடாதபடி கொஞ்சம் தள்ளி நின்று காட்டுங்கள்.

ஏறுவது முன்வாசலில் மட்டும். நடுவாசல் இறங்குகிறவர்களுக்கு. சில பஸ்களில் மூன்றாவது வாசலும் இருக்கும், அதுவும் இறங்குவதற்குத்தான். வரிசை என்று கோடு போட்டு நிற்க மாட்டார்கள், ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். முண்டியடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டு வாங்குவது மேல்.

டிரைவர் பக்கத்தில் மஞ்சள் வட்டம் போட்ட கருவி. கார்டைப் பர்ஸோடு வைக்காதீர்கள். பர்ஸில் இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதை வாசிக்கும் என்று சொல்ல முடியாது, வேறு கார்டில் பணம் போய்விடும். தனியாக எடுத்து ஒரு நொடி வைத்தால் பச்சை விளக்கு, ஒரு 'பீப்'. சிவப்பு வந்தால் நிதானமாக ஒருமுறை மறுபடி வையுங்கள். அப்போதும் சிவப்பு என்றால் ஓரமாக நகர்ந்து மாற்றுக் கார்டை எடுங்கள், பின்னால் ஆள் நிற்கிறார்கள். ஆய்ஸ்டரில் பணம் போதாமல் போனால் ஒரே ஒரு முறை கடனில் ஏற விடும். அடுத்த முறை ஏறும் முன் பணம் ஏற்றியாக வேண்டும்.

பெரிய பெட்டிகளோடு பஸ்ஸை நம்பாதீர்கள். இடம் இல்லையென்றால் டிரைவர் ஏற்ற மறுக்கலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலிலோ எலிசபெத் லைன் ரயிலிலோ வந்து பெட்டியை அறையில் போட்டுவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.

7. உள்ளே

மாடிக்குப் போகிறவர்கள் பஸ் நகரும் முன் படியேறிவிடுங்கள், இல்லையென்றால் கம்பியை விடாதீர்கள். படியிலும் மாடியிலும் நிற்கக் கூடாது. மாடியில் இடமில்லையென்றால் இறங்கி வந்து கீழே நிற்க வேண்டியதுதான். மாடியின் முன்வரிசை நாலு இருக்கைகளுக்குச் சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டிவரும். வழித்தடம் தொடங்கும் இடத்திலேயே ஏறினால் அது கிடைக்கும்.

தாழ்வான மரக்கிளைகள் கண்ணாடியில் சடசடவென்று அடிக்கும்போது முதல் தடவை நான் குனிந்தேன். யாரும் குனியவில்லை.

கீழே முன்பக்க இருக்கைகள் முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும். நடுவில் உள்ள காலி இடம் சக்கர நாற்காலிக்கு. குழந்தை வண்டியை அங்கே நிறுத்தலாம், ஆனால் சக்கர நாற்காலி வந்தால் மடித்து இடம் விட வேண்டும். மதுவுக்கு அனுமதி கிடையாது.

அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும், முன்னால் உள்ள திரையிலும் ஓடும். பெயர்களின் உச்சரிப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். சவுதர்க் என்று நாம் மனப்பாடம் செய்தது 'சதக்' என்று காதில் விழும். திரையைப் பாருங்கள், அல்லது போனில் நீலப்புள்ளி நகர்வதைப் பாருங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம் தாண்டியதும் கம்பியில் உள்ள சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். மணி அடிக்கும், முன்னால் எழுத்து ஒளிரும். ஏற்கெனவே ஒளிர்ந்தால் அழுத்த வேண்டாம். மாடியில் இருப்பவர்கள் அப்போதே எழுந்து கீழே வந்துவிடுங்கள்.

8. நடுவழியில் பஸ் மனம் மாறினால்

இரண்டு விதமான அறிவிப்பு வரும். ஒன்று, இடைவெளியைச் சரிசெய்ய பஸ் சற்று நேரம் நிற்கும் என்பது. முன்னால் போன பஸ்ஸை நெருங்கிவிட்டதால் நிறுத்திவைக்கிறார்கள். ஓரிரு நிமிடம், உட்கார்ந்திருங்கள். இன்னொன்று, இந்த பஸ்ஸின் சேருமிடம் மாறிவிட்டது என்பது. அது வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்ட பஸ்ஸைப் பாதி வழியில் முடித்துத் திருப்பிவிடுவார்கள். இறக்கிவிட்ட இடத்திலேயே அதே எண்ணுக்குக் காத்திருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காசில்லை. மணி நேரம் தாண்டிவிட்டிருந்தால் இறங்கும் முன் டிரைவரிடம் கேளுங்கள், அடுத்த பஸ்ஸில் காட்ட ஏதாவது தருவாரா என்று.

ஊர்வலம், மாரத்தான், அரச விழா என்றால் மைய லண்டனில் பஸ்கள் வேறு தெரு வழியாகப் போகும். சனிக்கிழமைகளில் செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. நேரம்

விமானம், ரயில், முன்பதிவு செய்த நாடகம் எதற்கும் பஸ்ஸில் கிளம்பாதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் கூடுதலாக இல்லாமல். வேலைநாள் காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 6.30 வரையும் மாடி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும். பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், நிம்மதி.

இரவில் சுரங்க ரயில் நின்ற பிறகும் பஸ் உண்டு. 24, 43, 134, 139 போன்றவை இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். மற்றவற்றுக்கு எண்ணின் முன்னால் ஆங்கில 'என்' எழுத்து போட்ட இரவு பஸ்கள். பகலில் 9 ஹாமர்ஸ்மித்தோடு நின்றுவிடும். என்-9 ஹீத்ரோ வரைக்கும் போகும். எண் ஒன்றாக இருக்கிறதே என்று வழியும் ஒன்று என நினைக்கக் கூடாது. இரவு பஸ்களில் பல டிராஃபல்கர் சதுக்கத்தைத் தொட்டுப் போகும், வழி தெரியவில்லை என்றால் அங்கே போய்ச் சேருங்கள். கட்டணம் பகல் கட்டணமேதான்.

டிசம்பர் 25 அன்று லண்டனில் பஸ் ஓடாது. ரயிலும் ஓடாது. அன்றைக்கு நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

10. முதல் நாளுக்கு நான் சொல்லும் வழித்தடங்கள்

பழைய பயணக் குறிப்புகளில் எல்லாரும் 11ஆம் எண்ணைப் புகழ்ந்திருப்பார்கள். 2023இல் அதன் வழி மாறிவிட்டது. செயின்ட் பால்ஸ் தேவாலயப் பக்கம் இப்போது போவதில்லை, வெஸ்ட்மின்ஸ்டர் தாண்டி வாட்டர்லூவுக்குப் போய்விடுகிறது. அந்த வழியின் கிழக்குப் பாதிக்கு இப்போது 26 போகிறது. நம்பி ஏறும் முன் எந்தக் குறிப்பின் தேதியையும் பாருங்கள், இதையும் சேர்த்துத்தான்.

காலை பத்து மணிக்கு லண்டன் கோபுரக் கோட்டை அருகே மேற்கு நோக்கிப் போகும் 15இல் ஏறுங்கள். செயின்ட் பால்ஸ் குவிமாடம், ஃப்ளீட் தெரு, ஸ்ட்ராண்ட், டிராஃபல்கர் சதுக்கம். அங்கிருந்து 9, கென்சிங்டன் பக்கம்: கிரீன் பார்க், ஹைட் பார்க் கார்னர், ராயல் ஆல்பர்ட் ஹால். நடுவில் இறங்காமல் மாறினால் மொத்தம் 1.75க்குள் முடியும். நான் இறங்கி இறங்கிப் பார்த்தேன், மூன்று கட்டணம் ஆனது, வரம்பைத் தொட்டதும் பிறகு கணக்கே பார்க்கவில்லை.

வடக்கே போக 24: வெஸ்ட்மின்ஸ்டர், டிராஃபல்கர் சதுக்கம், கேம்டன் டவுன், கடைசியில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்.

அப்புறம் ஒன்று, இது சுற்றுலாக் கையேடுகளில் இருக்காது. லண்டன் பிரிட்ஜிலிருந்து 43, அல்லது வாரன் ஸ்ட்ரீட்டிலிருந்து 134. இரண்டும் ஆர்ச்வே தாண்டி மேடு ஏறும். ஹைகேட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் ஆர்ச்வே சாலையிலேயே ஹைகேட் முருகன் கோவில். லண்டனிலும் குன்று பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். நடை திறந்திருக்கும் நேரத்தைக் கோவில் தளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். நான் பார்க்காமல் போய் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன், ஹாப்பர் அங்கேயே காலியானது. திரும்பும்போது சாலையைக் கடந்து எதிர்ச்சாரியில் நில்லுங்கள், 43 வேண்டுமா 134 வேண்டுமா என்பதை ஆர்ச்வே வருவதற்குள் முடிவு செய்தால் போதும், அதுவரைக்கும் இரண்டும் ஒரே வழிதான்.